எல்லைப் பாலத்தில் அறுத்த காப்பு

சுனாமி வந்ததற்கு முந்தின வருஷம், மாசி மாதம். புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தோம். இன்றும் அதே லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறோம். அங்கே நடந்ததை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பாதி சொல்வதற்குள் கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள், நானும் நிறுத்திக்கொள்வேன். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

மாசி என்றால் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து. அமாவாசை கழிந்ததும் கம்பம் நடுவார்கள். மன்மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடக்கும். பௌர்ணமியன்று சிவன் மன்மதனை எரிப்பார், ரதி புலம்புவாள், மொத்தத் தோட்டமும் உட்கார்ந்து அழும். ரதி வேஷத்தை ஆண்கள்தான் கட்ட வேண்டும் என்பது வழக்கம். என் வீட்டுக்காரர் பல வருஷமாக மன்மதன். ஆக அவர் இரண்டு பேருக்குத் தாலி கட்டியவர்: எனக்கு ஒரே ஒரு தடவை, ரதிக்கு வருஷா வருஷம். இதைச் சொல்லியே ரதி கட்டுகிறவளை நான் சக்களத்தி என்று கூப்பிடுவேன். அவள் மட்டும் சளைத்தவளா? "என்னா மூத்தா, நம்ம வீட்டுக்காரருக்கு இன்னிக்கி என்னா கறி?" என்று லயத்துக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு போவாள்.

அவள் என்று எழுதுகிறேன். தோட்டம் அவளை 'அவன்' என்றுதான் சொல்லும், கோபம் வந்தால் 'அது' என்று சொல்லும், அதைவிடக் கேவலமாகவும் சொல்லும். தோட்டத்துப் பெயர்ப் பதிவான செக்ரோலில் இருப்பது ஆண் பெயர். எங்களோடு றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். ஒரு நாள் பால் வாளியோடு மலை இறங்கும்போது என்னிடம் சொன்னாள்: "அக்கா, மாசியில நான் வேஷம் கட்டுறதில்ல. மத்த மாசமெல்லாந்தான் கட்டுறேன்." எனக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு அவள் அவள்தான்.

கம்பம் நடுகிற அன்று மன்மதனுக்கும் ரதிக்கும் கையில் மஞ்சள் நூலில் காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் மீன் கருவாடு கிடையாது, பாயில் படுக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், காப்பு அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிள்ளைகளுக்கு அம்மை போடும், மரத்தில் பால் வற்றும் என்பார்கள். அந்த நாட்களில் அவளுக்கு இருந்த மரியாதையைச் சொல்லி மாளாது. வளையல் போடலாம், பொட்டு வைக்கலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். குழந்தை இல்லாதவர்கள் அவள் கையால் திருநீறு வாங்க வரிசையில் நிற்பார்கள். அவள் நடையே மாறிவிடும். தலையை நிமிர்த்தி நடப்பாள்.

அந்த வருஷம் கல்யாணக் கூத்துக்கு முந்தின நாள் மதியம். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் பீலிக்குப் போனேன். தண்ணீர் கொட்டுகிற கல்லுக்குப் பக்கத்தில் அவள் சுருண்டு கிடந்தாள். கண்ணாடி வளையல் நொறுங்கிக் கை முழுக்கக் கீறல். ஆசையாக வளர்த்த முடியை ஒரு பக்கம் பால்வெட்டுக் கத்தியால் அறுத்துப் போட்டிருந்தார்கள். முதுகில் செருப்புத் தடம்.

அடித்தது நான்கு பேர், அவளே பெயர் சொன்னாள். எல்லாம் தெரிந்த முகங்கள், இரண்டு பேர் எங்கள் லயத்துப் பிள்ளைகள். ஏன் அடித்தார்கள் என்பதற்குப் பிறகு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அதில் ஒன்றைக்கூட நான் இங்கே எழுதப் போவதில்லை. அடிக்குக் காரணம் தேடிக் கொடுத்தால் அடித்தவனுக்குப் பாதி பாரம் குறைந்துவிடும்.

என் சத்தம் கேட்டு வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனோம். தோட்டத்தில் இருக்காதவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். பெரியாஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து லொறி வேண்டும். லொறி புறப்பட டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிற ஐயா எழுதித் தருகிற துண்டு வேண்டும். சாதாரணமாகக் கேட்டால் கொடுப்பார், நல்ல மனுஷன்தான். அன்று அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"என்னா செஞ்சான் இவன்?"

"அவ ஒன்னும் செய்யலீங்க, அடிச்சிப் போட்டுட்டாங்க."

"ஒன்னும் செய்யாமலா அடிப்பாங்க? அடிதடி கேசுக்கு நான் துண்டு குடுக்க ஏலாது. நாளைக்கிப் பொலிசு என்னயத்தான் கேக்கும். தலைவருகிட்டப் பேசிட்டு வாங்க."

இரண்டு வலி மாத்திரையைத் தாளில் மடித்துக் கொடுத்தார். அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

தலைவர் என்றால் எங்கள் சங்கத்துத் தோட்டத் தலைவர். கூத்துக் கமிட்டிக்கும் அவர்தான் பெரியவர். சம்பளப் பிரச்சினை என்றால் துரை முன்னால் நின்று மேசையைத் தட்டுகிறவர். அந்தத் தைரியத்தை நம்பித்தான் போனேன். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார், 'இவன்' என்பதற்குப் பதிலாக 'அது' என்று. பிறகு என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து, காப்பைக் காட்டிப் பேசினார்.

"நீ புத்தி உள்ளவன். காப்புக் கட்டுன ஒடம்பு எல்ல தாண்டலாமா? நாளைக்கி ஒரு புள்ளைக்கி அம்ம போட்டாலும் தோட்டமே ஒன்னயத்தான் கேக்கும். பத்துப் போட்டுப் படுக்க வைங்க. கூத்து முடியட்டும், நாலு பயலுகளையும் கூப்பிட்டு வச்சிப் பேசுவோம்."

"கூத்து முடியிற வரைக்கும் இவ உசுரோட இருப்பாளாங்க?" என்றேன்.

"பொம்பள நீ இதுல தலையிடாத."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியே அடிபட்டுக் கிடக்கிறது, பூசாரி ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்கிறார். அவளுடைய சொந்த அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன். "செத்தா சொல்லிவிடுங்க" என்று பதில் வந்தது.

அதற்குள் அவள் உதடு வெளுத்துவிட்டது. தண்ணீர் தண்ணீர் என்று முனகினாள். வயிற்றில் கை வைத்தேன், கல் மாதிரி இருந்தது. நான் டாக்டருக்குப் படித்தவள் இல்லை. ஆனால் இவளை இப்படியே வைத்திருந்தால் பொழுது சாய்வதற்குள் செத்துப்போவாள் என்பது எனக்குத் தெரிந்தது. பெரியாஸ்பத்திரி ஒன்றும் கண் காணாத தூரத்தில் இல்லை. ரோட்டுக்கு இறங்கினால் த்ரீவீல் கிடைக்கும். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் அவளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினார். மனசுக்குள் அவரைக் கும்பிட்டேன்.

கும்பிட்டது பாலம்வரைக்கும்தான். தோட்டத்து எல்லை ஒரு ஓடைப் பாலம். அந்தப் பக்கம் கவர்ன்மெண்ட் ரோடு, பஸ் நிற்கிற ஹோல்ட், ஒரு த்ரீவீல். பாலத்து முனையில் அவர் நின்றுவிட்டார். கால் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. அவர் தாய் மூன்று பிள்ளைகளை அம்மைக்குப் பறிகொடுத்தவள். அந்தப் பயம் அவருக்கு எலும்பில் இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயில் வந்தபடி திட்டினேன். அவளைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துகொண்டார்.

சரி, நான் இழுத்துக்கொண்டாவது போகிறேன் என்று அவள் தோளைப் பிடித்தேன். அப்போதுதான் நான் நினைத்தே பார்க்காத ஒன்று நடந்தது. அவள் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்கக்கா. காப்போட எல்ல தாண்ட மாட்டேன்."

"ஏன்டி, செத்துப் போவடி!"

"போறேன். ரதியாவே போறேன். என்னய இங்கயே வச்சிருங்க."

 டிஸ்பென்சரி ஐயா, தலைவர், அண்ணன் எல்லோரோடும் சண்டை போட்டு வந்தேன். இவளோடு எப்படிச் சண்டை போடுவேன்? மற்றவர்களுக்கு அந்த நூல் ஒரு சாக்கு. அவளுக்கு அது சாக்கில்லை. வருஷத்தில் அந்தச் சில நாட்கள்தான் அவளை அவளாக வாழவிட்டது அந்தத் தோட்டம். அதை விட்டுவிட்டு வந்து உயிர் பிழைக்கச் சொல்கிறேன்.

காப்பைக் கூத்து மாஸ்டர்தான் அவிழ்க்க வேண்டும், அதுவும் கம்பத்துக்கு முன்னால், மஞ்சள் தண்ணீர் தெளித்து. எனக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை. இடுப்பில் செருகியிருந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்தேன். கத்தியைக் கண்டதும் அவள் உடம்பு ஒடுங்கிப்போனது. முடியை அறுத்ததும் அப்படி ஒரு கத்திதானே. "நாந்தான்டி, அக்கா" என்று சொல்லிக்கொண்டே நூலை அறுத்தேன். அவ்வளவு அடி வாங்கியும் அழாதவள் அப்போதுதான் அழுதாள். ரதி புலம்பலை எத்தனையோ வருஷம் அவள் வாயால் கேட்டிருக்கிறேன். இந்த அழுகைக்குச் சத்தமே இல்லை.

எதிர்ப்பக்கம் நின்ற த்ரீவீல்காரப் பையன், சிங்களவன், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒன்றும் கேட்காமல் பாலத்தைத் தாண்டி வந்து அவள் காலைப் பிடித்தான். நான் தோளைப் பிடித்தேன். அவளை அந்தப் பக்கம் கொண்டுபோய் ஏற்றினோம். வண்டி திரும்பும்போது பார்த்தேன், என் வீட்டுக்காரர் பாலத்து முனையில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கல்யாணத்துக்கு முன் நான் ரம்புக்கனையில் ஒரு கடைக்கார வீட்டில் வேலைக்கு இருந்தவள். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அன்று அதுதான் கைகொடுத்தது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலிலேயே பொலிஸ் போஸ்ட். அடிபட்ட கேஸ் என்றால் அங்கே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அங்கிருந்த பொலிஸ்கார ராலஹாமி அடையாள அட்டையை வாங்கிப் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். அவர் கேட்ட முதல் கேள்வியும், நீங்கள் நினைக்கிறது சரி, இவன் என்ன செய்தான் என்பதுதான்.

அடித்தவர்கள் பெயரைச் சொன்னால் எழுதுகிறேன் என்றார். ஆனால் இவன் எதற்கு வளையல் போட்டிருந்தான், ஏன் இப்படித் திரிகிறான் என்பதையும் எழுத வேண்டிவரும், கோட்டுக்குப் போனால் முதலில் இவனைத்தான் கேட்பார்கள், இப்படித் திரிகிறவர்களைப் பிடித்து உள்ளே போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார். மிரட்டினாரா, புத்தி சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிருங்கக்கா."

பீலிக் கல்லில் வழுக்கி விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள். அந்த நான்கு பேரும் அந்த நிமிஷமே விடுதலை.

உள்ளே ஒரு நர்ஸ், எல்லோரும் மிஸ் என்று கூப்பிடுவார்கள். வயசானவர், குரல் கரகரவென்று இருக்கும். எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். இங்கே என்ன கேட்கப் போகிறார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது. என்னைப் பார்த்து, இது உனக்கு யார் என்றார்.

சிங்களத்தில் தம்பி என்றால் மல்லி, தங்கச்சி என்றால் நங்கி. அடையாள அட்டையில் இருப்பதைச் சொல்லவா, உள்ளதைச் சொல்லவா என்று யோசிக்க நேரமில்லை. "மகே நங்கி, மிஸ்" என்றேன். என் தங்கச்சி.

மிஸ் அவள் முகத்தைப் பார்த்தார். சவரம் செய்த தாடைக்குமேல் பொட்டு கலைந்து ஒழுகியிருந்தது. கையில் உடைந்த வளையல். இதோ வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மிஸ் குனிந்து, அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

"நங்கிட்ட கொஹெத ரிதென்னே?"

தங்கச்சிக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டார். மதியத்திலிருந்து சாயந்தரம்வரை, நான் உட்பட, அவளிடம் ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. அவள் வயிற்றைக் காட்டினாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. உள்ளே ஏதோ கிழிந்து இரத்தம் வயிற்றில் தேங்கியிருக்கிறது, ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அக்கா என்று சொல்லியாயிற்று, நானே கையெழுத்துப் போட்டேன். முதுகைத் துடைக்கும்போது செருப்புத் தடத்தைப் பார்த்த மிஸ், "அந்தப் பீலிக் கல் செருப்புப் போட்டிருந்ததா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். பிறகு எந்த வார்டில் போடுவது என்று ஒரு பேச்சு எழுந்தது. மிஸ் தன் மேசைக்குப் பக்கத்தில் மூலையில் ஒரு கட்டிலைத் தள்ளிப் போட்டு, சுற்றித் திரையை இழுத்துவிட்டு, "என் கண் பார்வையில் இருக்கட்டும்" என்றார். வேடிக்கை பார்க்க வந்தவர்களை அவர் விரட்டிய விரட்டலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் சாயந்தரம் என் வீட்டுக்காரர் வந்தார். பஸ்ஸில் வந்திருக்கிறார், கையில் ஒரு போத்தல் கஞ்சி. அவர் கையைப் பார்த்தேன், காப்பு இல்லை. எப்போது அவிழ்த்தார், யார் அவிழ்த்தது, என்ன பேச்சு வாங்கினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கட்டில் காலடியில் நின்று அவளைப் பார்த்து, "சாப்பிடுறியாம்மா?" என்றார். அத்தனை வருஷம் பழகியும் அவளை அவர் அம்மா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்தே கொழும்புக்குப் போய், எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி வேலை செய்த சாப்பாட்டுக் கடையில் சேர்ந்துகொண்டாள். கூத்து நிற்கவில்லை. வேறு இரண்டு பேருக்குக் காப்புக் கட்டி நடத்தினார்கள். அடித்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்களாம். தலைவர் சொன்ன பேச்சுவார்த்தை நடக்கவே இல்லை. அந்த வருஷம் லயத்தில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டது, பழி என் தலையில் விழுந்தது. தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடும். "சாமிக்குக் கோவம்னா காப்ப அறுத்த என் மேலல்ல வரணும், அந்தப் பச்சப் புள்ளைக்கி என்னா தெரியும்?" என்று ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.  என் வீட்டுக்காரர் பிறகு மன்மதன் கட்டவே இல்லை.

இப்போதும் மாசி பிறந்தால் அவளிடமிருந்து ஒரு டெலிபோன் கோல் வரும். அடித்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அண்ணனைப் பற்றியும் கேட்க மாட்டாள். "அக்கா, கம்பம் நட்டாச்சா? ரதி யாரு?" என்று மட்டும் கேட்பாள். சொல்வேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அன்று நான் அந்த நூலை அறுத்தது சரிதான், இன்னொரு தடவை வந்தாலும் அறுப்பேன். ஆனால் உயிர் வேண்டுமா, நீ நீயாக இருக்கிற இடம் வேண்டுமா என்று ஒருத்தியைப் பாலத்து முனையில் நிறுத்திக் கேட்ட தோட்டத்தில்தான் நான் இன்னும் குடியிருக்கிறேன் என்பது, அவள் கேட்டுவிட்டு மௌனமாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு வருஷமும் என் நெஞ்சை அறுக்கிறது.